எங்கே மாட்டப் போகிறீர்கள்? எல்இடி பல்பு வாங்குவோருக்கு ஒரு கடைக்காரியின் கையேடு

சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் நான் வேலை பார்க்கும் மின்சாதனக் கடை இருக்கிறது. ஆணி, பூட்டு, குழாய் எல்லாம் விற்கிறோம். அதிகம் போவது பல்பு, அதிகம் திரும்பி வருவதும் பல்புதான். "எட்டு வருஷம் எரியும்னு பெட்டியில போட்டிருக்கே அக்கா, தீபாவளிக்கு வாங்கினது தைப்பூசத்துக்குள்ள போயிடுச்சு" என்று மேசையில் வைப்பார்கள். ரசீதைக் கேட்பதற்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கே மாட்டியிருந்தீர்கள்?

கழிப்பறையில் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் என்பார்கள். இல்லையென்றால் ஃபால்ஸ் சீலிங் குழிக்குள். பல்பே மட்டமானதாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் நல்ல பல்பையும் தப்பான கூண்டில் போட்டுச் சீக்கிரமே சாகடிக்க முடியும். தீ, ஷாக் போன்ற ஆபத்துகளும் பெரும்பாலும் பல்பு உட்காரும் இடத்தில்தான் தொடங்குகின்றன. அதனால் இங்கே பல்பைப் பற்றிப் பேசுவதைவிட ஹோல்டர், கூண்டு, ஸ்விட்ச் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். வயரிங் விஷயத்தில் எனக்கு வாத்தியார் என் அண்ணன். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் அவர். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று நான் பார்த்ததும் அவர் சொல்லிக் கொடுத்ததும் சேர்ந்ததுதான் இது.

கழுத்துக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட்

பழைய குண்டு பல்பு 60 வாட் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு அதில் பெரும்பகுதியைச் சூடாகவே வெளியே விடும். ஆனால் அந்தச் சூடு வெளிச்சத்தோடு சேர்ந்து நாலாபக்கமும் பரவிப் போய்விடும். கீழே கை நீட்டினாலே உறைக்கும். எல்இடி அதே வெளிச்சத்தை, சுமார் 800 லூமெனை, 8 அல்லது 9 வாட்டில் தந்துவிடுகிறது. வெளிச்சம் விழும் பக்கம் கையை வைத்தால் ஒன்றும் தெரியாது. அதை வைத்து எல்இடி சூடாகவே ஆகாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த 8 வாட்டிலும் பாதிக்கு மேல் சூடாகத்தான் மாறுகிறது. அது முன்பக்கம் போகாமல் பின்பக்கமாக, பல்பின் கழுத்து வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

அந்தக் கழுத்துக்குள்தான் டிரைவர் என்ற சின்ன சர்க்யூட் இருக்கிறது. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. அதில் பெரும்பாலும் ஓர் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் இருக்கும். அதனுள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றிப்போகும். மின்னணு வேலை செய்பவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: 10 டிகிரி சூடு கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகிவிடும். இன்னொரு 10 டிகிரி கூடினால் அதிலும் பாதி. திரும்பி வரும் பல்புகளில் எல்இடி சில்லுகள் நன்றாகவே இருக்கும், டிரைவர்தான் போயிருக்கும். சில மலிவான பல்புகளில் சில்லு ஒன்று கறுத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கோத்திருப்பதால் ஒன்று போனாலே மொத்தமும் அணைந்துவிடும்.

சோதனைக்கூடத்தில் பல்பை 25 டிகிரி அறைச்சூட்டில் எரியவிட்டுத்தான் அளக்கிறார்கள். ஏர்கான் போடாத இரவில் நம் வீட்டுக் கூரையருகே அந்த 25 டிகிரியை எதிர்பார்க்க முடியுமா? போதாக்குறைக்கு, கூரையிலிருந்து தொங்கும் பல்பில் கழுத்து மேல்பக்கம் இருக்கும், சூடும் மேலேதான் ஏறும். அதைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கூண்டையும் மாட்டிவிட்டால் டிரைவருக்கு மூச்சுவிட வழியில்லை.

கூண்டைப் பார்த்து வாங்குங்கள்

கடைக்கு வரும் முன் நாற்காலி போட்டு ஏறி, விளக்கை அணைத்துவிட்டு, கூண்டைத் திறந்து பாருங்கள். முடிந்தால் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். காற்று போக இடைவெளி இருக்கிறதா, ரப்பர் வளையம் வைத்து இறுக்கமாக மூடியதா, உள்ளே பழுப்புக் கறை இருக்கிறதா என்பதெல்லாம் படத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

கூண்டு மூடியது என்றால் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மூடிய கூண்டுக்கு ஏற்றதல்ல என்று பல நிறுவனங்கள் வெளிப்படையாகவே அச்சிடுகின்றன. ஆனால் முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் வருஷக் கணக்கை மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஏற்றது என்று எழுதியிருப்பதையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் வாட்டைக் குறையுங்கள். வீவக வீட்டுக் கழிப்பறைக்கு 5 அல்லது 6 வாட் தாராளம். "பெரிசா 15 வாட் கொடு" என்று கேட்டு, அதைச் சின்னக் கூண்டுக்குள் திணிப்பவர்தான் மறுபடி மறுபடி வருவார்.

கூண்டில் அதிகபட்சம் 40 வாட் என்று ஒட்டியிருந்தால், அது பல்பு உண்மையில் இழுக்கும் வாட்டைக் குறிக்கிறது. பெட்டியில் '60 வாட்டுக்கு இணை' என்று போட்டிருந்தாலும் அந்த எல்இடி இழுப்பது 9 வாட்தான், கூண்டு தாங்கும். ஆனால் கூண்டு தாங்குகிறது என்பதால் பல்பும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மணி நேரம் எரியவிட்டு, அணைத்துவிட்டுக் கூண்டின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியவில்லை என்றால் உள்ளே நிலைமை இன்னும் மோசம், வாட்டைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் குழி விளக்குகள் தனிக்கதை. பழைய வீடுகளில் 12 வோல்ட் ஹாலஜன் விளக்குகள் இருக்கும், எம்ஆர்16 என்ற வகை. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். ஹாலஜன் 50 வாட் இழுத்தது, எல்இடி 5 வாட்தான் இழுக்கிறது. அந்த மின்னணு டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறைந்தபட்சம் இத்தனை வாட் சுமை வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அது இல்லாவிட்டால் விளக்கு மினுக்கும், சில நேரம் எரியவே எரியாது. அதற்குப் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு எல்இடி டிரைவர் போட வேண்டும். அது மின்பணியாளரின் வேலை. வரும்போது மேலே டிரைவர் எப்படிக் கிடக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மரச்சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, தூசியில் புதைந்து கிடக்கும் டிரைவரை என் அண்ணன் பலமுறை வெளியே எடுத்திருக்கிறார்.

இன்னொன்று. குழி விளக்கை மின்விசிறி இறக்கைக்கு நேர் மேலே வைக்காதீர்கள். இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி அறை முழுக்க நிழல் ஓடும், உட்கார்ந்து சாப்பிட முடியாது. இதனால் தீப்பிடிக்காது, தலைவலிதான் வரும். புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் வரைபடத்தோடு வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். விசிறியோடு சேர்ந்து வரும் எல்இடி விளக்கு வாங்கினால், உள்ளே இருக்கும் தகடு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் விளக்கு போன அன்று நல்ல விசிறியையும் சேர்த்துக் கழற்ற வேண்டிவரும்.

பெட்டியில் படிக்க வேண்டியது

எட்டு வருஷம் எப்படி வருகிறது தெரியுமா? 15,000 மணி நேரத்தை நாளுக்கு 5 மணி நேரம் என்று வகுத்திருக்கிறார்கள். அந்த 15,000 மணி நேரமும் எரியவிட்டுப் பார்த்துவிட்டு அச்சடிப்பதில்லை. சில ஆயிரம் மணி நேரம் சோதித்து மீதியைக் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். அந்தக் காலம் முடியும்போது சோதித்த பல்புகளில் பாதியாவது எரிந்துகொண்டிருக்க வேண்டும், வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 70 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அவ்வளவுதான் அதன் பொருள். ஆக உங்கள் பல்பு அதற்குள் அணைந்துபோகும் மற்ற பாதியில் விழுந்தாலும் கணக்குப்படி அது பொய்யில்லை. இதனால்தான் நான் வருஷத்தைவிட உத்தரவாதத்தைப் பார்க்கச் சொல்வேன். ரசீதைப் பெட்டிக்குள் வைத்து, வாங்கிய தேதியைப் பல்பின் கழுத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள்.

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் எரிசக்தி முத்திரை 2015 ஜூலை முதல் பல்புகளுக்கும் கட்டாயம். டிக் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சிக்கனம். அந்த முத்திரை சொல்வது சிக்கனத்தை மட்டும்தான், ஆயுளையோ பாதுகாப்பையோ அல்ல. 2023இல் குறைந்தபட்சத் தரத்தை எல்இடி அளவுக்கு உயர்த்திவிட்டார்கள், அதனால் ஹாலஜனும் சிஎஃப்எல் என்ற சுருள் பல்பும் கடைகளிலிருந்து போய்விட்டன. இன்னும் எங்காவது மிச்சச் சரக்கு என்று மலிவாகக் கொடுத்தால் வாங்க வேண்டாம். சிக்கனமான சாதனங்கள் வாங்க அரசாங்கம் கொடுத்த பருவநிலைப் பற்றுச்சீட்டில் எல்இடியும் வாங்கலாம். 2024 ஏப்ரலில் வீவக குடும்பங்களுக்கு 300 வெள்ளி கொடுத்தார்கள், மறுவருஷம் இன்னும் 100. குளிர்பதனப் பெட்டிக்கென்று மொத்தத்தையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வெளிச்சத்துக்கு லூமென் எண்ணைப் பாருங்கள், வாட்டைப் பார்க்காதீர்கள். நிறத்துக்கு 2700 கெல்வின் மஞ்சள், 6500 பளிச்சென்ற வெள்ளை, 4000 நடுவில். பெரியவர்கள் 6500தான் கேட்பார்கள். படுக்கையறைக்கு மட்டும் மஞ்சளை எடுத்துப் போங்கள், தூக்கம் வர எளிது. பெட்டியில் சிஆர்ஐ என்று போட்டிருக்கும் நிறத் துல்லியம் 80க்கு மேல் இருக்கட்டும். அடுப்படியில் மீன் நல்லதா கெட்டதா என்று பார்க்க 90 இருந்தால் இன்னும் நல்லது. திருகு வகை இ27, கொக்கி வகை பி22. பழைய பல்பைக் கையில் கொண்டு வந்தால் இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேராக வரும் சோளக்கதிர் வடிவப் பல்புகளை மட்டும் தொடவே வேண்டாம் என்பேன். சுற்றிலும் எல்இடி சில்லுகள், மேலே மூடி கிடையாது. அந்தச் சில்லுகளின் ஈயப் பற்றுகளுக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நடுவே தடுப்பு இல்லாத மலிவு டிரைவர்தான் பெரும்பாலும் உள்ளே இருக்கும். எரியும்போது விரல் பட்டால் ஷாக் அடிக்கும். வெள்ளை மூடி போட்ட சாதாரணப் பல்பில் அந்தப் பயம் இல்லை.

டியூப்லைட்: இங்குதான் அதிகக் கவனம் வேண்டும்

அடுப்படியில் இன்னும் நாலடி டியூப்லைட் வைத்திருக்கும் வீடுகள் எங்கள் பேட்டையில் நிறைய. 36 வாட் டியூப், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக்கில் வீணாவதையும் சேர்த்தால் 45 வாட் வரை இழுக்கும். எல்இடி டியூப் 18 வாட்டுக்குள் முடித்துவிடும். நாளுக்கு 6 மணி நேரம் எரிந்தால் மாதத்தில் ஏறத்தாழ 5 யூனிட் மிச்சம். யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை வெள்ளி. பெரிய பணம் இல்லைதான், ஆனால் ஒரு வருஷத்துக்குள் டியூபின் விலை திரும்பி வந்துவிடும்.

ஆனால் பழைய டியூபைக் கழற்றி எல்இடி டியூபை மாட்டினால் முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. முதலில் டியூபை மாட்டும் பட்டியில் ஸ்டார்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். விரல் நீளத்தில் ஒரு சின்ன டப்பா, திருகி எடுக்கலாம். இருந்தால் உள்ளே இருப்பது பழைய காந்த சோக். அந்த வகைக்கு எல்இடி டியூப் பெட்டியோடு ஒரு மாற்று ஸ்டார்ட்டர் வரும். பார்க்க அதே மாதிரி இருக்கும், உள்ளே ஃபியூஸ்தான். பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு இதைப் போட வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று பழையதையே விட்டுவிடாதீர்கள்.

ஸ்டார்ட்டர் இல்லை, ஸ்விட்ச் போட்டதும் மினுக்காமல் எரிகிறது என்றால் அது மின்னணு சோக். எல்லா எல்இடி டியூபும் அதோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போகும் என்று டியூப் பெட்டியில் எழுதியிருந்தால் சரி. இல்லாவிட்டால் சோக்கை நீக்கி நேரடியாக வயர் கொடுக்க வேண்டும், அது உரிமம் உள்ளவரின் வேலை.

நேரடி வயர் டியூபிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் லைவ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (திரும்பிப் போகும் வயர்) இரண்டுமே ஒரு முனையில் வரும். மற்றதில் லைவ் ஒரு முனையில், நியூட்ரல் மறுமுனையில். இரண்டாவது வகையை ஒரு முனை மட்டும் செருகிய நிலையில் பிடித்திருக்கும்போது, மின்சாரம் நிற்கவில்லை என்றால், டியூபுக்குள் புகுந்து மறுமுனைப் பின்னில் நிற்கும். அதன்மேல் உங்கள் விரல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முறையான தயாரிப்புகளில் இதற்குத் தடுப்பு வைத்திருப்பார்கள், பெயர் தெரியாததில் அந்த நம்பிக்கை கிடையாது. எந்த வகை போட்டாலும், டியூப் மாட்டும்போது சுவர் ஸ்விட்சை மட்டும் நம்பாமல் மின்பெட்டியில் விளக்கு பிரேக்கரையே இறக்கிவிடுங்கள்.

சோக் நீக்கிய பட்டியில், 'எல்இடி மட்டும், சோக் இல்லை' என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நாளைக்கு வீடு கைமாறி, வேறொருவர் அதில் சாதாரண டியூபைச் செருகினால் அதன் இழை நேராக 230 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். முனை வெடித்தாலும் வெடிக்கும்.

இன்னும் எல்இடிக்கு மாறாதவர்களுக்கு ஒன்று: முனை கறுத்து, விட்டு விட்டு மினுக்கும் டியூபை அப்படியே விட்டுவைக்காதீர்கள். ஒவ்வொரு மினுக்கலுக்கும் சோக்கும் ஸ்டார்ட்டரும் சூடேறிக்கொண்டே இருக்கும்.

மினுக்கல், அணைத்த பிறகும் மங்கல் வெளிச்சம்

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஸ்விட்ச் இருந்தால் டிம்மருக்கு ஏற்றது என்று எழுதிய பல்பையே வாங்குங்கள். மற்றவை மினுக்கும், ரீங்காரமிடும், சீக்கிரம் போகும். எழுதியிருந்தாலும்கூட ஹாலஜன் காலத்து டிம்மரோடு சிலது சேராது. ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

கண்ணுக்குத் தெரியாத மினுக்கலும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான டிரைவர் விநாடிக்கு 100 தடவை வெளிச்சத்தை ஏற்றி இறக்கும். கைப்பேசி கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் பல்பைப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினாலோ துடித்தாலோ, படிக்கும் மேசைக்கு அது வேண்டாம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் வீட்டில் இதை நான் கட்டாயமாகச் சொல்வேன்.

"அணைச்ச பிறகும் லேசா எரியுது, பேய் பிடிச்ச மாதிரி இருக்கு" என்று வருகிறவர்கள் உண்டு. ஸ்விட்சில் சின்ன சிவப்பு விளக்கு இருந்தால், அதன் வழியாகக் கசியும் துளி மின்சாரமே எல்இடிக்குப் போதும். நீண்ட வயர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினாலும் இது நடக்கும். இவை இரண்டும் ஆபத்து இல்லை. ஆனால் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது: ஸ்விட்ச் லைவை வெட்டாமல் நியூட்ரலை வெட்டுகிறது என்றால் விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். பல்பை மாற்றக் கை வைத்தால் ஷாக் அடிக்கும். பழைய வீட்டை வாங்கியவர்கள், முன்பு யாரோ தெரிந்த கைவேலைக்காரரை வைத்து வயரிங் மாற்றியவர்கள் இதை மின்பணியாளரிடம் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

சாமி மேடை, தீபாவளிச் சரம்

சாமி மேடையில் இரவு பகலாக எரியும் சின்ன பல்பு நம் வீடுகளில் உண்டு. 15,000 மணி நேரப் பல்பு இடைவிடாமல் எரிந்தால் இரண்டு வருஷம்கூட வராது, அதற்குக் கடைக்காரியைக் குறை சொல்லக் கூடாது. அரை வாட், ஒரு வாட் இரவு விளக்கே அங்கே போதும். எண்ணெய் விளக்கின் புகையும் பிசுக்கும் ஹோல்டரில் படியும். அதன்மேல் ஊதுவத்திச் சாம்பலும் சேர்ந்தால் சூடு வெளியேறாது. வெள்ளிக்கிழமை மேடையைத் துடைக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த துணியால் ஹோல்டரையும் துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம். எண்ணெய் விளக்குக்கு நேர் மேலே பிளாஸ்டிக் பல்பு இருந்தால் நகர்த்திவிடுங்கள்.

தீபாவளிச் சரம் வாங்கும்போது அடாப்டரிலும் பெட்டியிலும் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அலங்கார விளக்கு, மேசை விளக்கு, அடாப்டர் எல்லாம் இங்கே பதிவு செய்த பிறகே விற்கப்பட வேண்டிய பொருள்கள். முத்திரையோடு பதிவு எண்ணும் இருக்கும், இணையத்தில் தேடிச் சரிபார்க்கலாம். நடைவழியில் கட்டுகிறவர்கள் வயரை இரும்புக் கதவின் கீல் பக்கமாக இழுத்து வருகிறார்கள். நாளுக்கு இருபது தடவை கதவு திறந்து மூடும்போது வயரின் தோல் நசுங்கும், அப்புறம் இரும்புக் கதவு முழுக்க மின்சாரம். சன்னல் வழியாகக் கொண்டு வாருங்கள், அதுவும் சன்னல் கடிக்காத இடத்தில். சாரல் அடிக்கும் இடமென்றால் ஐபி44 என்று போட்ட சரம்தான். படுக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

மாட்டும்போது

பிரேக்கரை இறக்கி, எரிந்துகொண்டிருந்த பல்பு ஆறும் வரை பொறுங்கள். கை உலர்ந்திருக்கட்டும். சக்கரம் வைத்த நாற்காலியில் ஏற வேண்டாம், இதைச் சொல்லியும் கேட்காமல் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். பல்பின் வெள்ளை உருண்டையைப் பிடித்துத் திருகாதீர்கள், கழுத்தைப் பிடியுங்கள். உருண்டை சில நேரம் கையோடு வந்துவிடும், உள்ளே சில்லுகள் வெளியே தெரியும். இறுக்கமாக உட்கார்ந்தால் போதும், பலத்தைக் காட்ட வேண்டாம். தளர்வாக இருந்தாலும் ஆபத்து, அந்த இடைவெளியில் பொறி பறந்து ஹோல்டர் கருகும்.

மாட்டும் முன் ஹோல்டரைப் பாருங்கள். குண்டு பல்பு பல வருஷம் எரிந்த ஹோல்டரின் பிளாஸ்டிக் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கும். அதில் எவ்வளவு விலையுயர்ந்த எல்இடி போட்டும் பயனில்லை, ஹோல்டரை மாற்றுங்கள்.

ஏறுவதற்கு முன் ஆர்சிசிபி என்ற மின்கசிவுத் தடுப்பானின் டி பொத்தானை அழுத்திப் பாருங்கள். படக்கென்று விழ வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது. 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகள் சிலவற்றில் இது இல்லாமல் இருந்தது. 2023 ஜூலை முதல் எல்லா வீட்டிலும் கட்டாயம் என்றாகி, பொருத்திக்கொள்ள 2025 ஜூலை வரை அவகாசமும் கொடுத்தார்கள். இன்னும் உங்கள் மின்பெட்டியில் இல்லை என்றால் பல்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதை முதலில் போடுங்கள்.

வாடை, ரீங்காரம், பழுப்பு

பழைய சுருள் பல்பு, சிஎஃப்எல், சாகும்போது அடிப்பக்கம் பழுப்பாகி லேசாகப் பிளாஸ்டிக் வாடை விடும். நல்ல தயாரிப்பில் அது பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும், தீப்பற்றாத பிளாஸ்டிக்கில்தான் உடலைச் செய்திருப்பார்கள். ஆனாலும் வாடை வந்தால் எரியவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எல்இடியிலும் அப்படியே. ஸ்விட்சை அணைத்து, பிரேக்கரை இறக்கி, ஆறவிட்டு, பல்பைக் கழற்றுங்கள். கறை பல்பில் மட்டும் என்றால் பல்பை மாற்றினால் போதும். ஹோல்டரிலோ கூரையிலோ கறை இருந்தால் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். புதுப் பல்பு போட்டதும் பிரேக்கர் விழுந்தால் அதே பல்பை மறுபடி மறுபடி முயற்சி செய்ய வேண்டாம். புகை அடங்கவில்லை என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெளியே வந்து 995 அழையுங்கள்.

பழையதை எங்கே போடுவது

எல்இடியில் பாதரசம் இல்லை. சுருள் பல்பிலும் டியூபிலும் உண்டு, ஒரு பல்புக்குச் சில மில்லிகிராம். உடையாத வரை ஒன்றும் ஆகாது. அடுப்படிக் குப்பைக் குழாயில் டியூபைப் போட்டால் பத்து மாடி கீழே விழுந்து உடையும், அங்கே குப்பை அள்ளுகிறவர் அதை மூச்சில் இழுப்பார். கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் மின்னியல் கழிவுத் தொட்டிகள் இருக்கின்றன, விளக்குக்கென்று திறப்பு உள்ளதைத் தேடுங்கள். இந்தச் சேகரிப்பு ஏற்பாடு 2021 ஜூலையில் சட்டப்படி தொடங்கியது. பெரிய மின்சாதனக் கடைகள் உள்ளேயே தொட்டி வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

வீட்டில் சுருள் பல்போ டியூபோ உடைந்துவிட்டால் முதலில் குழந்தைகளையும் பூனையையும் வெளியே அனுப்புங்கள். ஏர்கானை அணைத்து, சன்னலைத் திறந்துவிட்டு, நீங்களும் பத்து நிமிடம் வெளியே இருங்கள். வேக்குவம் போடாதீர்கள், பாதரசத்தைக் காற்றில் பரப்பிவிடும். துடைப்பமும் வேண்டாம். கையுறை போட்டு, இரண்டு தடித்த அட்டைகளால் கண்ணாடித் துண்டுகளை அள்ளுங்கள். மிச்சத் தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றி, கடைசியில் ஈரத்தாளால் துடையுங்கள். எல்லாவற்றையும் மூடிபோட்ட கண்ணாடிப் புட்டியிலோ இரண்டு பிளாஸ்டிக் பைகளிலோ போட்டு இறுகக் கட்டுங்கள். உடைந்ததை மின்னியல் கழிவுத் தொட்டியில் போட வேண்டாம், அங்கே முழுசாக இருப்பதுதான் போக வேண்டும். கட்டிய பையைக் குழாயில் தள்ளாமல் கீழே கொண்டுபோய்ப் பெரிய குப்பைத் தொட்டியில் வைத்துவிட்டு, சன்னலை இன்னும் சில மணி நேரம் திறந்தே வைத்திருங்கள்.